டூம் ஆட்டமும் ஒத்த முக்கோணமும்



என் வயதுக்காரர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் கூடினால், பழைய கணிப்பொறி விளையாட்டுகளைப் பற்றிய பேச்சு எப்படியோ வந்துவிடும். அதில் முதலில் அடிபடும் பெயர் 'டூம்'. "அதைப் போல ஓர் ஆட்டம் இனி வருமா?" என்று ஒருவர் பெருமூச்சு விடுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நானும் பல ஆண்டுகள் தலையாட்டியவன்தான். இப்போது ஆட்டுவதில்லை. அதற்கான காரணத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

டூமை அறியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இயங்கிய ஐடி சாப்ட்வேர் என்னும் சிறு நிறுவனம் 1993 டிசம்பர் 10 அன்று இதை வெளியிட்டது. நாமே நடந்து செல்வது போலத் திரையில் தாழ்வாரங்களும் கூடங்களும் விரியும். கையில் துப்பாக்கி இருக்கும். எதிரே அரக்கர்கள் வருவார்கள். முதல் பகுதியை யாரும் படியெடுத்துப் பிறருக்கு இலவசமாகத் தரலாம் என்று நிறுவனமே அனுமதித்திருந்தது. எனவே அது ஃபிளாப்பித் தகடுகளில் ஏறி உலகெங்கும் பரவியது.

1996-இல் நான் கல்லூரியில் முதலாண்டு படித்தபோது எங்கள் கணிப்பொறி அறைக்கும் வந்து சேர்ந்தது. மாலை ஐந்து மணிக்கு மேல் ஆய்வக உதவியாளர் கண்டும் காணாமல் இருப்பார். ஒரே கணிப்பொறியைச் சுற்றி எட்டுப் பேர் நிற்போம். ஒருவர் ஆடுவார்; ஏழு பேர் யோசனை சொல்வோம்.

இனிய நினைவுதான். ஆனால் அது முழு உண்மையா? எங்கள் வகுப்பில் பாதிப் பேர் மாணவிகள். ஐந்து மணிக்குள் அவர்கள் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். அதனால் அந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட மாணவி இல்லை. இது அன்று எனக்கு உறைக்கவே இல்லை. மேலும், அந்த ஆட்டத்தில் ரத்தமும் கொலையும் மிகுதி. உங்களை அதை ஆடச் சொல்லி நான் எழுதவில்லை. ஒரு சோதனையில் நமக்குப் பிடித்த அளவீடுகளை மட்டும் குறித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டால், அதைச் சோதனை என்று ஏற்போமா? 'பொற்காலம்' என்ற பேச்சும் பெரும்பாலும் அப்படிப்பட்டதே.

அப்படியானால் டூமில் போற்றத்தக்கது எதுவும் இல்லையா? உண்டு. அது திரைக்குப் பின்னால் இருக்கிறது.

அந்த ஆட்டத்தின் திரையில் 320 × 200, அதாவது 64,000 புள்ளிகள். வினாடிக்கு 35 முறை வரை படத்தைப் புதிதாக வரைய வேண்டும். அப்படியானால் ஒரு வினாடிக்கு 22,40,000 புள்ளிகள்! அன்று பலரிடம் இருந்த 386 வகைச் செயலியிலோ தசம எண்களைக் கையாளத் தனி உறுப்புகூடக் கிடையாது. ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே தொலைவைக் கணக்கிட்டால் அது திணறிப்போகும்.

இங்கேதான் நீங்கள் வகுப்பில் படிக்கும் ஒத்த முக்கோணம் கைகொடுத்தது. 5 மீட்டர் தொலைவிலுள்ள சுவர் திரையில் 80 புள்ளி உயரம் தெரிந்தால், 10 மீட்டரில் 40 புள்ளிதான் தெரியும். டூமில் எல்லாச் சுவர்களும் செங்குத்தானவை. ஆடுபவர் அண்ணாந்தோ குனிந்தோ பார்க்க முடியாது. ஆகவே திரையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழித்தால், அக்கோட்டில் ஒரு சுவரின் எல்லாப் புள்ளிகளுக்கும் தொலைவு ஒன்றே. கோட்டுக்கு ஒருமுறை கணக்கிட்டால் போதும். பல்லாயிரம் கணக்குகள் சில நூறாகச் சுருங்கிவிட்டன அல்லவா?

சைன் மதிப்புகளையும் ஆட்டத்தின் நடுவே கணக்கிடவில்லை. வட்டத்தை 8,192 பகுதிகளாகப் பிரித்து, மதிப்புகளை முன்கூட்டியே அட்டவணையாக எழுதி வைத்தார்கள். நாம் மடக்கை அட்டவணையைப் புரட்டுவது போலச் செயலி அதைப் புரட்டியது. தசம எண்களை 65,536-ஆல் பெருக்கி முழு எண்களாக வைத்துக்கொண்டார்கள். ரூபாயைப் பைசாவாக்கிக் கணக்குப் போடும் உத்தியேதான் இதுவும்! எந்தச் சுவர் முன்னே, எது பின்னே என்று அறிய, வெளியை இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டே போகும் முறை ஒன்றைக் கையாண்டார்கள். அம்முறையை ஃபுக்ஸ், கெடெம், நெய்லர் ஆகிய மூவர் 1980-லேயே ஆய்வுக் கட்டுரையில் விளக்கியிருந்தனர். டூமின் முதன்மை நிரலாளர் ஜான் கார்மாக் பிறர் கண்டதைப் படித்துப் பயன்படுத்தினார்.

இவையெல்லாம் நமக்குத் தெரிவதற்குக் காரணம், 1997 டிசம்பர் 23 அன்று அந்நிறுவனம் டூமின் மூல நிரலை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டதுதான். நான் முதுகலை படித்தபோது அதைப் பார்த்தேன். தேர்வுக்காக மனப்பாடம் செய்த சைன் மதிப்புகள் அங்கே வரிசையாக நின்றன. அந்தத் திரையின் முன் எத்தனையோ மாலைகள் நின்றேனே, "இது எப்படி வேலை செய்கிறது?" என்று ஒரு நாளாவது கேட்டேனா? வெட்கமாக இருந்தது.

"துப்பாக்கி இல்லாவிட்டால் அந்த நிரலை யார் சீந்துவார்கள்?" என்று நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். உண்மைதான். ஆசை ஒரு வாசல். அதன் வழியாக உள்ளே போகலாம். வாசலிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது.

இன்று உங்கள் வீட்டுச் செல்பேசி அந்தக் கணிப்பொறியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு விரைவானது. ஆனால் அதிலுள்ள பெரும்பாலான ஆட்டங்களின் உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. ஆடலாம், விளம்பரம் பார்க்கலாம், பணம் கட்டலாம், அவ்வளவே. எனக்குக் கவலை தருவது இதுதான். எனவே என் கருத்து இது: பள்ளிக் கணிப்பொறி ஆய்வகத்தில், திறந்த நிரல் கொண்ட ஒரு சிறு ஆட்டத்தையாவது மாணவர்கள் பிரித்துப் படிக்க வேண்டும். அதுவும் மாலையில் அல்ல, மாணவியரும் இருக்கும் பகல் வேளையில், பாட நேரத்திலேயே நடக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளித் தாழ்வாரத்தில் 150 செ.மீ. உயரமுள்ள நண்பரை 5 மீட்டர் தொலைவில் நிறுத்துங்கள். அளவுகோலைக் கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளிச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அவர் எத்தனை செ.மீ. உயரம் தெரிகிறார் என்று அளந்து பாருங்கள். 18 வர வேண்டும். 10 மீட்டருக்கு அனுப்புங்கள். 9 வர வேண்டும். கிடைத்ததை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ஒத்து வராத அளவையும் அழித்துவிடாதீர்கள்.