"அதுனால நமக்கு என்னடே லாபம்?"

அலக்நந்தா பற்றி வகுப்பில் வாய் திறந்ததும் வந்த கேள்வி இது. பி.காம். படிக்கிறவன் லாபம் கேட்பதில் தப்பில்லை மக்களே. ஆனால் கேட்டுவிட்டு கணக்கே போடாமல் போகிறான் பாருங்கள், அதுதான் எரிச்சல்.

முதலில் விஷயம். அலக்நந்தா ஒரு சுருள் கேலக்ஸி. புனேயில் உள்ள தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தின் ஆய்வு மாணவி ராஷி ஜெயினும் யோகேஷ் வடதேகரும் கண்டுபிடித்தது. கட்டுரை 2025 நவம்பரில் வந்தது. ஏபெல் 2744 என்ற கேலக்ஸிக் கூட்டத்துக்கு ரொம்பப் பின்னால் இருக்கிறது. முன்னால் நிற்கும் அந்தக் கூட்டத்தின் ஈர்ப்பு விசை ஒளியை வளைத்து, பூதக்கண்ணாடி மாதிரி இதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. நாம் பார்ப்பது சுமார் 1,200 கோடி வருஷத்துக்கு முன் கிளம்பிய ஒளி. அப்போது பிரபஞ்சத்துக்கே வயது 150 கோடிதான். அந்த வயதில் கேலக்ஸிகள் எல்லாம் ஒழுங்கில்லாமல் கிடக்கும் என்றுதான் நினைத்திருந்தார்கள். இதுவோ இரண்டு சுருள் கைகளும் அழகாக விரிந்து, 1,000 கோடி சூரியன் எடைக்கு நட்சத்திரங்களோடு நிற்கிறது!

இப்போ கணக்கு. படம் எடுத்தது ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி. செலவு ஏறக்குறைய 1,000 கோடி டாலர். போட்டது அமெரிக்காவும் ஐரோப்பாவும் கனடாவும். எடுத்த படங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று பொதுவில் வைத்தார்கள். அந்தக் குவியலில் இருந்துதான் புனேக்காரர்கள் இதைப் பொறுக்கி எடுத்தார்கள். முதல் அவர்களுடையது, கண்டுபிடிப்பு நம்முடையது. இதைவிட நல்ல லாபத்தை எந்த பாலன்ஸ் ஷீட்டில் பார்த்தீர்கள்?

ஆராய்ச்சியாளர் சம்பளம், கம்ப்யூட்டர் எல்லாம் செலவில்லையா என்று கேட்கலாம். செலவுதான். ஆனால் அது 1,000 கோடி டாலர் இல்லை. ஆகவே "நம்ம கிட்ட காசு இல்ல" என்ற பழைய சாக்கு இனி செல்லாது. இல்லாதது காசு அல்ல, பார்க்கத் தெரிந்த ஆள்.

நம்ம மாவட்டத்தையே எடுங்கள். சிவன், நாராயணன் என்று இரண்டு பேர் இஸ்ரோ தலைவர் ஆனார்கள். 2025 ஜனவரியில் நாராயணன் பொறுப்பேற்றபோது நானும்தான் ஸ்டேட்டஸ் போட்டேன். பெருமைதான். ஆனால் நாம் கொண்டாடியது பதவியை. நான் பன்னிரண்டு வருஷம் படித்த பள்ளிக்கூடத்தில் ஒருநாள் ராத்திரிகூட யாரும் வானத்தைக் காட்டியதில்லை. கன்னியாகுமரியில் சூரியன் மறைவதைக் காட்டி ஊரே சம்பாதிக்கிறது. மறைந்ததும் எல்லாரும் பஸ் ஏறிவிடுகிறோம். அதுக்கப்புறம்தானய்யா வானமே ஆரம்பிக்குது!

கோடி ரூபாய் கட்டிடமா கேட்கிறேன்? ஒவ்வொரு பள்ளியும் மாதம் ஒரு ராத்திரி பிள்ளைகளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போகட்டும். கம்ப்யூட்டர் லேபில் இந்தப் படங்களைத் திறந்து காட்டட்டும். அது போதும்.

லாபம் கேட்ட நண்பனுக்கு ஒன்று. அடுத்தவன் முதல் போட்டு, பங்கையும் சும்மா தருகிறான். அதை வாங்காமல் விட்டால் அதுக்குப் பேர் சிக்கனம் இல்லடே, நஷ்டம்.