எண்களைக் கண்ணுக்குக் காட்டுங்கள்



கோயில் ஆண்டுக் கூட்டத்துக்கு நீங்களும் போயிருப்பீர்கள். செயலாளர் எழுந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கணக்கு வாசிக்கத் தொடங்குவார். பூ வகையில் இவ்வளவு, மேளக்காரருக்கு இவ்வளவு, அன்னதானத்துக்கு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு. முதல் ஐந்து நிமிடம் காது கொடுப்போம். பிறகு முன் வரிசைப் பெரியவர் கண் அயர்ந்துவிடுவார். பின் வரிசையில் தாய்மார்கள் நாளைக்கு என்ன குழம்பு என்று பேசத் தொடங்குவார்கள். "கணக்கு சரிதானே?" "சரி, சரி!" கைதட்டல், தேநீர், வடை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் யாரையாவது நிறுத்தி, கையிருப்பு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது!

குற்றம் யார் மேல்? வாசித்தவர் பொய் சொல்லவில்லை. கேட்டவர்களும் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். இன்றைக்கு வெட்டிய பால் எத்தனை கிலோ, கைக்கு எத்தனை வெள்ளி வரும் என்று பென்சில் இல்லாமலே சொல்லக்கூடியவர்கள்தாம். எண்கள் வந்து விழுந்த விதத்தில்தான் கோளாறு.

கோயில் கணக்கு என்றால் போகட்டும். தண்ணீர், பள்ளிக்கூடம், காய்ச்சல், சம்பளம் என்று நம் உயிரோடும் பிழைப்போடும் சேர்ந்த கணக்குகளும் இப்படியே காற்றோடு போய்விடுகின்றன. மனு எழுதுகிறோம், எண்களை அடுக்குகிறோம். வாங்கியவர் மேசையில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். எண்ணும் எழுத்தும் மனிதருக்கு இரு கண்கள் என்றார் வள்ளுவர். கண் என்றால் அதைக் கொண்டு பார்க்க முடிய வேண்டும் அல்லவா? எண்ணைப் பார்க்க வைப்பது எப்படி என்பதுதான் இந்த இதழில் நம் பேச்சு.

கிள்ளானில் நடந்தது

நம் பாட்டன், பூட்டன் காலத்துக் கதை ஒன்று சொல்கிறேன், கேளுங்கள்.

1901-ஆம் ஆண்டு ஜனவரியில் மால்கம் வாட்சன் என்ற இளம் டாக்டர் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்து சேர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தைத் திறந்தார்கள். இன்று நாம் போர்ட் கிள்ளான் என்கிறோமே, அதுதான். ஊரைச் சுற்றிலும் சதுப்பும் காடும். வேலைக்கு வந்தவர்கள் குளிர்காய்ச்சலில் சுருண்டு விழுந்தார்கள். கொசுவின் உடம்புக்குள் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டது 1897-இல். ஆக, கொசுதான் பகைவன் என்பதே அப்போது புதுச் செய்தி.

சதுப்பு நீரை வடிக்க வேண்டும், பள்ளங்களைத் தூர்க்க வேண்டும், ஊரை ஒட்டிய காட்டை வெட்ட வேண்டும் என்றார் வாட்சன். அரசாங்கம் பணம் ஒதுக்கி வேலையைச் செய்தது. பலன் உண்டா?

காய்ச்சலால் இறந்தவர்களின் எண்ணிக்கையைக் கோயில் கணக்கு மாதிரி வாசிக்கிறேன். கிள்ளான், போர்ட் சுவெட்டன்ஹாம் இரண்டு ஊர்களிலும் 1900-இல் 259, 1901-இல் 368, 1902-இல் 59, 1903-இல் 46, 1904-இல் 48, 1905-இல் 45. அந்த மாவட்டத்தின் மற்றப் பகுதிகளில் 1900-இல் 173, 1901-இல் 266, 1902-இல் 227, 1903-இல் 230, 1904-இல் 286, 1905-இல் 351.

கண் சொக்குகிறதா? தவறில்லை. இப்போது அதே எண்களைக் கோலப் புள்ளி வைப்பது போல வைக்கிறேன். ஒரு புள்ளி ஏறக்குறைய 25 உயிர்.

கிள்ளான், போர்ட் சுவெட்டன்ஹாம் ஊர்கள்:
1900 ●●●●●●●●●●
1901 ●●●●●●●●●●●●●●●
1902 ●●
1903 ●●
1904 ●●
1905 ●●

மாவட்டத்தின் மற்றப் பகுதிகள்:
1900 ●●●●●●●
1901 ●●●●●●●●●●●
1902 ●●●●●●●●●
1903 ●●●●●●●●●
1904 ●●●●●●●●●●●
1905 ●●●●●●●●●●●●●●

இனி யாராவது விளக்கம் சொல்ல வேண்டுமா? எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியிடம் காட்டினாலும், "மேலே என்னமோ நல்லது பண்ணியிருக்கிறார்கள், கீழே பண்ணவில்லை" என்று சொல்லிவிடுவார்.

வாட்சனின் கெட்டிக்காரத்தனம் எதில் இருக்கிறது தெரியுமா? ஊர்க் கணக்கை மட்டும் காட்டியிருந்தால், "அந்த வருடம் மழை குறைவு, கொசுவும் குறைவு, தானாக அடங்கியது" என்று யாரேனும் தட்டிக் கழித்திருப்பார்கள். கால்வாய் வெட்டாத இடங்களின் கணக்கையும் பக்கத்தில் வைத்ததால் அந்த வாய் அடைபட்டது. அதே மழை, அதே வெயில், அதே மாவட்டம். ஓர் இடத்தில் சாவு குறைந்தது, மற்ற இடத்தில் குறையவில்லை. தனி எண் ஊமை. பக்கத்தில் இன்னொன்றை வைத்தால்தான் அது வாய் திறக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மற்றப் பகுதிகளில் ரப்பர்த் தோட்டங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். ஆள் கூடினால் சாவும் கூடும். ஆகவே 351 என்பது முழுக்கக் கொசுவின் கணக்கு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஊர்களிலும் ஆட்கள் பெருகிக்கொண்டுதான் இருந்தார்கள். அங்கே சாவு குறைந்ததே!

அந்தக் கீழ்வரிசைப் புள்ளிகளை இன்னொரு தரம் பாருங்கள். சஞ்சிக்கூலியாய்ப் பெயர் எழுதிக்கொண்டு கப்பல் ஏறி வந்த நம் முன்னோர்கள் அந்தப் புள்ளிகளுக்குள் இருக்கிறார்கள். பிறகு வாட்சன் தோட்டம் தோட்டமாகப் போனார். லயத்துப் பிள்ளைகளின் வயிற்றில் கை வைத்து, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார். காய்ச்சல் கட்டி என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். எத்தனை பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கட்டி இருக்கிறது, லயம் காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று இரண்டையும் சேர்த்துக் குறித்துக்கொண்டார். தாழ்ந்த சதுப்பு நிலத்தில் காட்டை ஒட்டிய லயங்களில் கட்டி அதிகம், தள்ளியிருந்த லயங்களில் குறைவு. லயத்தை எங்கே கட்ட வேண்டும் என்பதைப் பிள்ளைகளின் வயிறே சொல்லிவிட்டது. 1911-இல் அவர் வெளியிட்ட நூலில் இவற்றை எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்.

ராணிக்குப் போன படம்

வாட்சனுக்கும் முன்னால் சாவுக் கணக்கைப் படமாக்கிக் காட்டிய ஓர் அம்மையாரும் உண்டு. விளக்கேந்திய பெருமாட்டி என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல்தான். அவர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டது எல்லாருக்கும் தெரியும். கணக்கில் புலி என்பது பலருக்குத் தெரியாது.

1854-இல் கிரிமியப் போரில் காயமுற்ற பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கவனிக்கப் போனார். சிப்பாய் என்றால் குண்டு பட்டுத்தான் சாவான் என்று நாட்டிலே எல்லாரும் எண்ணியிருந்தார்கள். கணக்கு வேறு கதை சொன்னது. 1855 ஜனவரி என்ற ஒரே மாதத்தில் காயத்தால் இறந்தவர்கள் 83 பேர். தடுக்கக்கூடிய தொற்றுநோய்களால் இறந்தவர்கள் 2,761 பேர்! அழுக்கும் சாக்கடையும் நெருக்கடியும் பீரங்கியைவிட அதிகமாகக் கொன்றன.

இதை வெறும் அட்டவணையாக அனுப்பினால் மந்திரிமார் புரட்டிவிட்டு மூடிவிடுவார்கள் என்பது அம்மையாருக்குத் தெரியும். ஆகவே 1858-இல் ஒரு படம் வரைந்து வெளியிட்டார். பூவிதழ் விரிந்தாற்போல் 12 மாதங்களுக்கு 12 துண்டுகள். நோயால் இறந்தவர்களுக்கு நீலம், காயத்தால் இறந்தவர்களுக்குச் சிவப்பு, மற்றக் காரணங்களுக்குக் கறுப்பு. பார்த்த மாத்திரத்தில் நீலம் விரிந்து பரந்து நிற்கிறது. சிவப்பு நடுவில் சிறுத்துக் கிடக்கிறது. பக்கத்திலேயே அடுத்த ஆண்டின் படம். சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்றோட்டம் வைத்த பிறகு நீலம் சுருங்கிவிட்டது. விக்டோரியா ராணி வரைக்கும் அந்தக் கணக்கு போயிற்று. பட்டாளக் குடியிருப்புகளின் சுகாதாரத்தைச் சீர்திருத்தும் வேலை வேகம் பிடித்தது.

நம்மால் முடியுமா?

டாக்டரும் சீமாட்டியும் செய்தார்கள், நம்மால் ஆகுமா என்று கேட்பீர்கள். புளியங்கொட்டை போதும்!

ஓர் உதாரணம். உங்கள் லயத்தில் 40 பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களில் 10 பேர் அடிக்கடி பள்ளிக்குப் போவதில்லை என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் கூட்டத்தில், "ஒழுங்காக வருகிறவர்கள் 75 விழுக்காடு" என்றால் யாருக்கும் உறைக்காது. பாயை விரித்து, பிள்ளைக்கு ஒன்றாக 40 புளியங்கொட்டைகளை வரிசையாக வையுங்கள். வராத 10 பிள்ளைகளுக்குரிய கொட்டைகளைத் தள்ளி வையுங்கள். பிறகு கேளுங்கள்: இந்தப் பத்தில் வீட்டில் கைக்குழந்தை உள்ள பிள்ளைகள் எத்தனை? அவற்றின் மேல் சுண்ணாம்புப் பொட்டு வையுங்கள். ஏழு கொட்டைகளில் பொட்டு விழுந்தால் காரணம் தெரிந்துவிட்டது. பிள்ளைக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று அதுவரை திட்டிக்கொண்டிருந்தோமே, அது இல்லை. அம்மா விடியுமுன் வேலைக்குப் போகிறாள். ஆயாக் கொட்டகை திறக்கும்வரை தம்பியை யார் பார்ப்பது? அக்காள் பள்ளிக்குப் போகாமல் நிற்கிறாள்.

இதற்குப் பிறகு ஒரே ஒரு பிள்ளையின் காலைப் பொழுதைச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தாள், யாருக்குப் பால் கரைத்தாள், பள்ளிப் பஸ் போனபோது எங்கே நின்றாள். பெயரைச் சொல்லாதீர்கள், பிள்ளை கூசிப்போகும். கொட்டைகள் எத்தனை பேர் என்று சொல்லும். கதை அவர்கள் யார் என்று சொல்லும். கதை மட்டும் சொன்னால், "அது ஒரு வீட்டுச் சங்கதி" என்பார்கள். எண் மட்டும் சொன்னால் தூங்கிவிடுவார்கள். இரண்டும் சேர்ந்து வர வேண்டும்.

கடைசியாக, கேட்பதை ஒன்றாகக் கேளுங்கள். பத்துக் கோரிக்கை வைத்தால் பத்தும் போய்விடும். "ஆயாக் கொட்டகையை ஒரு மணி நேரம் முன்னால் திறக்க வேண்டும்" என்று ஒன்றே கேளுங்கள். எதிரே நிர்வாகி இருக்கட்டும், தலைமையாசிரியர் இருக்கட்டும், கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். பாயில் இருக்கும் கொட்டைகளைக் காட்டிப் பேசுங்கள்.

படமும் பொய் சொல்லும்

ஓர் எச்சரிக்கை. கண்ணுக்குக் காட்டும் வித்தை ஏமாற்றுகிறவனுக்கும் தெரியும். போன மாதம் 100 கிலோ, இந்த மாதம் 98 கிலோ என்றால் குறைந்தது இரண்டே கிலோதான். ஆனால் அடிக்கோட்டைப் பூஜ்யத்தில் தொடங்காமல் 95-இல் தொடங்கி இரண்டு தூண் வரைந்தால், இந்த மாதத் தூண் ஐந்தில் மூன்று பங்காய்ச் சுருங்கித் தெரியும். "பாருங்கள், உற்பத்தி விழுந்துவிட்டது" என்று படத்தைக் காட்டிப் பயமுறுத்தலாம். ஆகவே யார் படம் காட்டினாலும் மூன்று கேள்வி கேளுங்கள். அடிக்கோடு எங்கே தொடங்குகிறது? எத்தனை பேரில் இத்தனை பேர்? எதோடு ஒப்பிட்டு இதைச் சொல்கிறீர்கள்?

நாம் காட்டும்போதும் இதே நேர்மை வேண்டும். நமக்குச் சாதகமான மாதத்தை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டினால் ஒரு நாள் பிடிபடுவோம். பிறகு உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆள் இருக்காது.

தோட்டத்தில் இருந்தாலும் சரி, தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்துவிட்டாலும் சரி, இந்த மாதம் ஒன்று செய்து பாருங்கள். உங்களை உறுத்துகிற ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் வராத நாட்களோ, டெங்கிக் காய்ச்சல் கண்ட வீடுகளோ, எதுவாக இருந்தாலும் சரி. நாட்காட்டியில் தினமும் ஒரு பொட்டு வையுங்கள். மாதம் முடிந்ததும் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டி, "என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டால் யாருக்கும் புரியும்.

நம் முன்னோர்களின் சாவு யாரோ எழுதி வைத்த கணக்கில் எண்ணாகக் கிடந்தது. நம் பிள்ளைகளின் வாழ்வுக் கணக்கையாவது நம் கையால் எழுதி, நாமே எடுத்துக் காட்டுவோம்.