தகரப்பெட்டியிலிருந்த சாட்சிகள்

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் எழுதிய கடிதம் சென்ற கிழமை எனக்குக் கிடைத்தது. பாட்டியாரின் தகரப்பெட்டியை ஒழுங்கு செய்தபோது நான்காக மடித்த பழைய கடதாசி ஒன்று அகப்பட்டதாம். ஒரு பெயர், ஆண்டுகள், மாதங்கள், அவற்றுக்கு எதிரே எண்கள், அடியில் மங்கிப்போன முத்திரை. “இது என்ன ஐயா? பாட்டி இதனை எறிய விடுகிறாரில்லை. பாட்டியின் தம்பியாரான சின்னத்தாத்தாவுக்கு இன்றுவரை அடையாள அட்டை இல்லை. அவருக்கு இது உதவுமா?” என்று கேட்டிருக்கிறார்.

மகளே, அது தோட்டத்துச் செக்ரோலின் நகல். அதனைத் தேடி உன் பாட்டனாரின் தலைமுறையினர் நடந்த நடையை நான் கண்ணாரக் கண்டவன். ஆதலால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1948 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை இந்நாட்டிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டும்படி கேட்டது. தோட்டத்துப் பிறப்புகள் ஒழுங்காகப் பதியப்படாத காலத்தில் பூட்டனாரின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவது? அதன்பின் வந்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம். இந்திய, பாகிஸ்தானிய வதிவாளருக்கென ஆக்கப்பட்ட அச்சட்டம், வதிவைக் காட்டி விண்ணப்பிக்க வழிவிட்டது. 1946 ஜனவரி 1க்கு முன்னர், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இங்கு வாழ்ந்திருத்தல் வேண்டும். அன்று முதல் விண்ணப்ப நாள்வரை அவ்வாழ்வு தொடர்ந்திருத்தலும் வேண்டும். ஒருமுறை வெளியே போனால் 12 மாதத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும். விண்ணப்பத்துக்குத் தரப்பட்ட தவணை 1951 ஓகஸ்டு 5 வரை. முதலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் இச்சட்டத்தைப் பகிஷ்கரித்தமையால் பலர் வாளாவிருந்தனர். பகிஷ்காரம் நீங்கியபின் கடைசி மாதங்களில் விண்ணப்பங்கள் மழைபோற் குவிந்தன.

என் தந்தையார் அப்போது ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். எனக்கு ஒன்பது வயது. மாலையில் பிரட்டுக்களத்துப் பக்கமிருந்து ஆட்கள் வரத் தொடங்கிவிடுவர். “வாத்தியாரையா, நம்ம பேருக்கும் ஒரு பாரம் நிரப்பிக் குடுங்க” என்பார்கள். சிலர் கொண்டுவருவது ஒரு தபால் உறை மட்டுமே. சிலர் பெட்டியையே தலையில் தூக்கி வருவர். அதனுள்ளே அரிசிக் கூப்பன், மருந்துச் சீட்டு, பிள்ளையின் பாடசாலை விடுகைப் பத்திரம், கோயில் திருவிழா நோட்டீசு, வெற்றிலைக் காம்பு எல்லாம் ஒன்றாய்க் கிடக்கும். அப்பா எல்லாவற்றையும் பாயிலே பரப்பி ஆண்டு வரிசையில் அடுக்குவார். இடைவெளி எங்கேயுளது என்று பார்ப்பதே அவருடைய முதல் வேலை.

பெயரே பெரிய தொல்லையாயிருந்தது. தாய் வைத்த பெயர் மாரியாயி. கணக்கப்பிள்ளை எழுதியது மாரியம்மா. ஆங்கிலத்தில் எழுதிய கிளாக்கர் வைத்ததோ மூன்றாவது பெயர். மூன்றும் ஒருத்தியே என்பதற்குச் சத்தியக் கடதாசி வேண்டும். அதற்குச் சமாதான நீதவானைத் தேடி ஒருநாட் சம்பளத்தை இழந்து போகவேண்டும்.

ஒரு குடும்பத்தின் கதையை மட்டும் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்குக் கீழ் லயத்திலிருந்த ஒருவருடைய மனைவி, தலைப்பிரசவத்துக்காக 1947 பெப்ரவரியில் தலைமன்னார் வழியே தாய்வீடு சென்றார். குழந்தையோடு நவம்பரில் திரும்பினார், ஒன்பது மாதந்தான். ஆயினும் குழந்தை நோஞ்சான். அதனை விட்டு மலைக்குப் போக மனமின்றி லயத்திலேயே இருந்துவிட்டு, 1948 ஏப்ரலிலேதான் மறுபடி பேர் போட்டுக் கொழுந்தெடுத்தார். செக்ரோலைப் பார்த்தால் 1947 பெப்ரவரிக்குப் பின் 1948 ஏப்ரல்வரை அவர் பெயரே இல்லை! மனைவியின் வதிவு முறிந்தால் கணவனின் விண்ணப்பமும் முறியும், சட்டம் அப்படி.

இங்கேதான் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். செக்ரோல் என்பது வேலைக்கும் சம்பளத்துக்கும் எழுதிய ஏடு. வேலை செய்த நாளை அது சொல்லும். வேலை செய்யாது வீட்டிலிருந்த நாளையும் நாட்டிலில்லாத நாளையும் அது பிரித்தறியாது. வேறு சான்றில்லாதபோது அவ்வெறுமையே ஒருவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். அப்பா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், “பிள்ளைக்கு அம்மைப்பால் குத்தியது எங்கே?” என்று கேட்டார். “நம்ம தோட்டத்து ஆஸ்பத்திரியிலதானுங்க” என்றார் அந்தத் தாய். டிஸ்பென்சர் ஐயா பழைய புத்தகங்களைப் புரட்டினார். 1947 டிசெம்பர் மாதத்துப் பக்கத்தில் குழந்தையின் பெயரும், அழைத்து வந்தவர் தாய் என்ற குறிப்பும் இருந்தன. அந்த ஒரு வரியின் நகலே அவ்வீட்டாரைக் காப்பாற்றியது.

எல்லோருக்கும் அப்படி ஒரு வரி கிடைத்துவிடவில்லை. 1939 ஓகஸ்டில் இந்திய அரசு தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுவதைத் தடை செய்தபோது, ஊரைப் பார்க்கப் போய் அங்கேயே நின்றுவிட்டவர்களும் இருந்தனர். அந்த மாதங்களுக்கு அவர்கள் என்ன கணக்குக் காட்டுவார்கள்?

விசாரணை நாளுக்கு முன்னர் அப்பா ஒவ்வொருவரையும் இருத்தி வினாவிப் பார்ப்பார். முதல் வினா, “ஊர் எது?” என்பது. தயங்காமல், “முசிறிப் பக்கமுங்க” என்பார் கிழவர். நாற்பது ஆண்டு இத்தோட்டத்தில் இருந்தவர்; மனைவியை இம்மண்ணிலே புதைத்தவர். மலைநாட்டில் ‘ஊர்’ என்றால் முன்னோர் புறப்பட்ட கிராமம்; விசாரிப்பவருக்கோ அது இருக்கும் இடம், அல்லது இருக்க விரும்பும் இடம். நிரந்தரமாக இங்கே வாழும் எண்ணம் உண்டா என்று அறியக் கேட்ட கேள்விக்கு, அந்த ஒரு சொல் மாறுபட்ட விடையாய்ப் பதிவாகிவிடும். “பொய் சொல்லச் சொல்லவில்லை. எங்கே இருக்கிறாய் என்று கேட்டதாக நினைத்துக்கொண்டு சொல்லு” என்பார் அப்பா. கிழவர் தலையசைப்பார். மறுமுறை கேட்டால், “முசிறி” என்றே வாயில் வரும். நாங்கள் சிறுவர்கள் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்போம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

இத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்த அப்பாவின் சொந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவரிடம் ஒரு மாதம்கூட இடைவெளி இல்லை. எல்லாவற்றையும் நூலாற் கட்டி வைத்திருந்தார். அக்கட்டினுள்ளே, திருச்சியிலிருந்த தம் தாயாருக்கு மாதந்தோறும் அனுப்பிய மணியோடர்ப் பற்றுச்சீட்டுகளும் இருந்தன. வதிவுக்கு அவற்றைவிட நல்ல சான்று ஏது என்று எண்ணி அவரே எடுத்து வைத்தார். ஒவ்வொன்றிலும் இந்நாட்டுத் தபாற்கந்தோரின் திகதி முத்திரை அல்லவா இருக்கிறது! விசாரித்தவரோ, பணம் போகும் திசையைப் பார்த்தார். “யாருக்கு அனுப்புகிறீர்?” “என் தாயாருக்கு.” அதற்குமேல் கேள்வி இல்லை. வீட்டுக்கு வந்து அப்பா நெடுநேரம் பேசவில்லை. அடுத்த மாதமும் அதே திகதியில் மணியோடர் அனுப்பினார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். தபாற்கந்தோருக்குக் கூடச் சென்றவன் நான்.

ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின; உரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர். ஏனையோரின் விதியை 1964 ஒக்டோபர் 30ஆம் திகதிய சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும், அதன்பின் 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தமும் இரு நாடுகளுக்குமிடையே எண்ணிக்கையாற் பிரித்தன. எங்கள் வீட்டுக்குச் சான்றிதழ் வந்தபோது அப்பா இல்லை.

இனி உன் சின்னத்தாத்தாவின் காரியம். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும், இங்கு வாழும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை அளித்துவிட்டது. உரிமை சட்டத்தில் இருக்கிறது. கையில் இல்லாதது கடதாசியே. நீ கண்டெடுத்த நகல் 1950 அளவில் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். தந்தையார் இங்கிருந்தார் என்பதற்கு அது உதவும். 1964க்கு வேறு வேண்டும். சின்னத்தாத்தாவுக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும் என்று உன் கடிதத்திலிருந்து கணக்கிடுகிறேன். ஆகவே அவர் படித்த தோட்டப் பாடசாலை இப்போது எந்தப் பாடசாலையோடு சேர்க்கப்பட்டுள்ளது என்று விசாரி. அங்கே அதிபரிடம் பழைய சேர்வு இடாப்பைக் காட்டும்படி கேள். போகும்போது சின்னத்தாத்தாவையும் அழைத்துப் போ. அந்நாளில் தம்மை எந்தப் பெயரால் அழைத்தார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.