சாவதற்கும் கடன்சொல்லோ?

கடன் வாங்கியே ஆங்கிலம் வளர்ந்ததென்றும், தமிழும் அவ்வாறே வளர்தல் வேண்டுமென்றும் கலவைமொழியார் ஓயாது கூறி வருகின்றனர். அக்கூற்றை, ஒன்றன் முடிவைக் குறிக்கும் ஆங்கில வினைகளிலேயே உரசிப் பார்க்கலாம்.

ஓய்தலைக் குறிக்கப் பழைய ஆங்கிலத்தில் 'பிளின்னன்' என்றொரு வினை இருந்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்று ஆளத்தொடங்கிய பின்னர், இலத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியே நுழைந்த 'சீசு' அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. இன்று பிளின்னனை அறிந்த ஆங்கிலேயன் மொழிநூல் கற்றவனாகவே இருத்தல் வேண்டும்! 'பினிசு' என்பதும் அவ்வழி வந்ததே. 'எண்டு' ஒன்று பிழைத்தது, அவ்வளவில் மகிழ்ச்சியே.

இவற்றினும் இரங்கத்தக்கது சாவுச்சொல்லின் நிலை. 'இசுட்டார்வு' என்பது முன்னாளில் சாதலையே குறித்தது. அதன் உடன்பிறப்பைச் செருமானியர் இன்றும் அப்பொருளிலேயே வழங்குகின்றனர். ஆங்கிலத்திலோ, வடகடல் கடந்துவந்த நார்சு மக்களிடம் பெற்றதென அறிஞர் பலரும் கொள்ளும் 'டை' நிலைபெறவே, பழஞ்சொல் பட்டினியால் வாடுதல் என்னும் மூலைக்குத் தள்ளுண்டது. சாவதற்கும் பிறர் சொல்லை நாடிய மொழியை வளர்ச்சிக்குச் சான்றாகக் காட்டுவாரை என்னென்பது!

மழை ஓயும், விளக்கு அவியும், கிணறு வற்றும், பகை தீரும். முடிவுதோறும் தனிவினை படைத்த தமிழனோ இன்று வேலையைப் 'பினிசு' பண்ணுகிறான். கடையைக் 'குளோசு' பண்ணுகிறான். விளக்கை 'ஆப்' பண்ணுகிறான். முடித்தலும் சாத்துதலும் அணைத்தலும் போய், அவன் வாயில் எஞ்சி நிற்பது 'பண்ணு' ஒன்றே.