ஒரே நாளில் ஒன்பது கோயில், ஒரு கேள்விகூட இல்லை

விடுமுறை நாட்களில் எங்கள் வானகரம் வழியாகப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேன்கள் வரிசைகட்டிப் போகும். 'சென்னை நவக்கிரகத் தலங்கள்' என்றொரு சுற்று. போரூரில் குரு, கோவூரில் புதன், குன்றத்தூரில் ராகு, மாங்காட்டில் சுக்கிரன், பூந்தமல்லியில் செவ்வாய் என்று ஒரே நாளில் ஒன்பது கோயில்கள். மதியம் நடை சாத்துவதற்குள் பாதியையாவது முடித்துவிட வேண்டும் என்று ஓட்டம். இரவு வீடு திரும்பும்போது மிச்சம் கால்வலியும் கைப்பேசி நிறையப் படங்களும்.

பக்தர்களை விடுங்கள். முற்போக்குப் பேசும் நம்மில் பலரும் அந்த வேனில் இருக்கிறோம். "சாமி கும்பிடப் போகல தோழர், சிற்பமும் கல்வெட்டும் பார்க்கத்தான் போனேன்" என்கிறோம். போகலாம், தப்பில்லை. அந்தக் கல்லை வெட்டியதும் சுமந்ததும் உழைக்கும் மக்கள். அதைப் பார்க்க நமக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் நாள் முழுக்கச் சுற்றிவிட்டு எதைப் பார்த்தோம், எதைப் பார்க்காமல் வந்தோம் என்பதுதான் கேள்வி.

இந்த வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். திருமழிசை ஆழ்வாரை வளர்த்தவர் பிரம்பறுக்கும் தொழிலாளி. பெரும்புலியூரில் ஆழ்வார் வந்து அமர்ந்ததும், வேதம் ஓதிக்கொண்டிருந்த பார்ப்பனர்கள் அவர் காதில் விழக்கூடாதென்று வாயை மூடிக்கொண்டார்கள். பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி வைசியர். அவரை ராமானுசர் விருந்துக்கு அழைத்தார். ராமானுசரின் மனைவி நம்பிக்குச் சோறு போட்டுவிட்டு, எச்சில் இலையை எறிந்து, இடத்தைக் கழுவி, குளித்துவிட்டு மறுபடி சமைத்தார். பிராமணரல்லாத வைசியருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களுக்கு?

மூன்றாவது குன்றத்தூர். 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் ஊர். அந்த நூலில் வரும் நந்தனார், கோயில் பறைக்குத் தோலும் வாரும் கொடுத்தவர்; யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தவர்; பூசைக்குக் கோரோசனை கொடுத்தவர். அவர் கொடுத்த பொருள் உள்ளே போனது. அவர் வெளியே நின்றார். திருப்புன்கூரில் நந்தி விலகியதாம். வாசற்படியைத் தாண்ட அவருக்கு வழி விட்டவர் யாருமில்லை. தில்லையில் நெருப்புக்குள் இறங்கி, மார்பில் பூணூலோடு எழுந்த பிறகே உள்ளே போக முடிந்தது. நந்தனார் நந்தனாராக உள்ளே போகவே இல்லை.

இந்தக் கதைகளை நாத்திகர்கள் கட்டிவிடவில்லை. வைணவ குருபரம்பரையும் சைவத் திருமுறையும் சொல்பவை. அவை தீண்டாமையை மறைக்கவில்லை, அருளாகப் பூசி மெழுகுகின்றன. இன்றைய கோயில் சுற்றுலாவோ அந்தக் கதையையே எடுத்துவிட்டு, கிரக தோஷத்தையும் கோபுர உயரத்தையும் மட்டும் விற்கிறது. நாமும் அதை 'பாரம்பரியம்' என்று பகிர்கிறோம்.

பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு நுழைந்தது 2023 ஜனவரியில். அதே ஆண்டு ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தலித் மக்களை உள்ளே விட மறுத்த தகராறில் திரௌபதி அம்மன் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். ஒரே நாளில் ஒன்பது கோயில் பார்த்துக் கால் வலிக்கிறது என்கிறோம். சொந்த ஊரில் உள்ள ஒரே கோயிலுக்குள் போக முக்கால் நூற்றாண்டு நின்றவர்களின் கால்களை நினைத்துப் பாருங்கள்.

நகரத்தில் அப்படியெல்லாம் இல்லை என்பீர்கள். இங்கும் வரிசை ஓரிடத்தில் நிற்கிறது: கருவறை வாசல். அந்த வாசலுக்காகத்தான் பெரியார் 1970இல் கிளர்ச்சி அறிவித்தார். அந்த ஆண்டே கலைஞர் அரசு பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்துச் சட்டம் கொண்டுவந்தது. 1972இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டு, ஆகமம் என்ற பூட்டை மட்டும் தொங்கவிட்டது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 2006இல் அரசு மறுபடி அறிவித்து, பயிற்சியும் கொடுத்தது. பயிற்சி முடித்தவர்களில் 24 பேருக்கு வேலை கிடைக்க 2021 ஆகஸ்ட் ஆனது. அதற்கும் வழக்குகள்.

'கடவுளே இல்லை என்கிறோம், கருவறை நமக்கு எதற்கு?' என்பது முற்போக்காளரின் சோம்பேறித்தனம். 1930இல் நாசிக் காலாராம் கோயில் வாசலில் அம்பேத்கர் போராடியது சாமி தரிசனத்துக்காக அல்ல, சம உரிமைக்காக.

எனவே தோழர்களே, அடுத்த விடுமுறையிலும் போங்கள். தூணைப் படமெடுத்த கையோடு நாலு கேள்வி கேளுங்கள். இங்கே பறை அடிப்பவர் எதுவரை வரலாம்? வாசல் பெருக்குபவருக்குத் திருவிழாவில் என்ன மரியாதை? சாமி ஊர்வலம் எந்தத் தெரு வரை போகிறது, சேரிக்குள் போகிறதா? கருவறைக்குள் நிற்பவர் எந்தச் சாதி? பதில் சொல்பவரின் முகத்தைக் கவனியுங்கள், கிடைத்த பதிலை எழுதிப் போடுங்கள். கோபுரப் படத்தோடு அதையும் பகிருங்கள்.