பெயரும் வேண்டும், நாற்காலியும் வேண்டும்

1938 ஜூலை 6. பிரான்சின் எவியன் நகரில், ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள ஒரு விடுதியில் 32 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். ஹிட்லர் ஆட்சியில் தவித்த யூதர்களை யார் ஏற்றுக்கொள்வது என்பதே பேச்சு. ஜூலை 15 வரை பேசினார்கள். எல்லோரும் அனுதாபப்பட்டார்கள், ஏறக்குறைய எல்லோருமே கையை விரித்தார்கள். எங்கள் நாட்டில் இனப் பிரச்சினை இல்லை, அதை இறக்குமதி செய்ய விரும்பவில்லை என்றார் ஆஸ்திரேலியப் பிரதிநிதி. பெரிய எண்ணிக்கையில் ஏற்க முன்வந்தது கரீபியக் கடலின் டொமினிக்கன் குடியரசு மட்டுமே.

யாரைப் பற்றிய மாநாடோ, அவர்களுக்கு அங்கே நாற்காலி இல்லை. யூத அமைப்புகளுக்குத் துணைக்குழு ஒன்றின் முன் சில நிமிடங்கள் கிடைத்தன. பின்னாளில் இஸ்ரேல் பிரதமரான கோல்டா மேயர் வெறும் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். ஊர்க்கூட்டம் தங்களைப் பற்றிப் பேசும்போது வெளியே நின்ற தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. நான்கே மாதத்தில் ஜெர்மனியில் ஜெப ஆலயங்கள் எரிந்தன. போர் முடிந்தபோது 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள்.

அந்த வெறுப்பு இன்றும் ஓயவில்லை. 2018இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ஜெப ஆலயத்தில் 11 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 2019இல் ஜெர்மனியின் ஹாலே நகரில், யூதர்களின் புனித நோன்பு நாளில் துப்பாக்கியோடு வந்தவனை ஜெப ஆலயத்தின் கதவு தடுத்தது. வெளியே இருவர் இறந்தார்கள்.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. யூத வெறுப்பைக் கவனிக்கவென்றே ஐரோப்பிய ஆணையத்தில் 2015 முதல் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார். அமெரிக்காவில் இதற்கெனத் தனி அலுவலகம் அமைக்க 2004இல் சட்டம் வந்தது. யூத அறிஞர்களும் அமைப்புகளும் இன்று மேசையில் அமர்ந்து பேசுகிறார்கள். எது யூத வெறுப்பு என்பதே அங்கே நடக்கும் பெரிய வாதம்.

2016இல் சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டணி அதற்கு ஒரு வரையறை தந்தது. அதன் 11 எடுத்துக்காட்டுகளில் பல இஸ்ரேல் தொடர்பானவை. இதைக் காட்டி, பாலஸ்தீனர்களுக்காகப் பேசுவோரின் வாயை அடைக்க முடியும் என்ற அச்சம் எழுந்தது. அந்த வரையறையின் மூல வரைவை எழுதியவர்களில் முதன்மையானவரான அமெரிக்க வழக்கறிஞர் கென்னத் ஸ்டெர்னே, பல்கலைக்கழகங்களில் பேச்சைத் தண்டிக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறார். 2021இல் சுமார் 200 அறிஞர்கள் ஜெருசலேம் பிரகடனம் என்று மாற்று வரையறை ஒன்றை வெளியிட்டார்கள்.

வரையறையே வேண்டாம் என்று நாம் சொல்ல முடியாது. பெயரில்லாத கொடுமை காவல் நிலையத்தில் வாய்த்தகராறாகிவிடும். அதனால்தான் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், உண்ணத்தகாததை உண்ண வைப்பது, குடிநீரை மாசுபடுத்துவது என்று செயல்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. யூதர்களுக்கும் அந்த உரிமை உண்டு. காசாவில் இஸ்ரேல் அரசு செய்வதற்காகப் பிட்ஸ்பர்க்கில் தொழும் ஒரு முதியவரை வெறுப்பது இனவெறிதான். அந்த அரசைக் கண்டிப்பது இனவெறி ஆகாது. இந்தக் கோட்டைத் தெளிவாகப் போடுகிற வரையறையே பாதிக்கப்பட்டவரைக் காக்கும்.

2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தது. சாதியும் அங்கே பேசப்பட வேண்டும் என்று தலித் பிரதிநிதிகள் போராடினார்கள். சாதி இனம் அல்ல என்று இந்திய அரசு எதிர்த்தது. அரசுகளின் இறுதிப் பிரகடனத்தில் சாதி என்ற சொல் இடம்பெறவில்லை. அதே டர்பனில் யூதர்களை இழிவுபடுத்தும் கேலிச்சித்திரங்கள் கைமாறின. இஸ்ரேலைப் பற்றிய வாசகங்களை எதிர்த்து அமெரிக்காவும் இஸ்ரேலும் வெளியேறின. இனவெறியை ஒழிக்கக் கூடிய இடத்தில் இரு மக்களுமே காயப்பட்டார்கள். ஆனாலும் நம் போராட்டம் வீண்போகவில்லை. பிறப்பின் வழி வரும் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று 2002இல் ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு அறிவித்தது.

மாணவர்களே, எந்த மாநாட்டுச் செய்தியைப் படித்தாலும் மூன்றைக் கேளுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு அங்கே நாற்காலி இருந்ததா? அவர் பட்ட கொடுமைக்குப் பெயர் கிடைத்ததா? அந்தப் பெயரைச் சொல்லி வேறொருவரின் வாய் அடைக்கப்பட்டதா? யூதர்களுக்காகக் கேட்கத் தெரிந்தவர்களே நமக்காகவும் உரக்கக் கேட்க முடியும்.