பதவி இறக்கமா? நிலைதாழ்த்தலா?

சொல் மயங்கின் பொருள் மயங்கும். பொருள் மயங்கின் முறை மயங்கும். அலுவலகங்களிலும் நாளிதழ்களிலும் வழங்கும் 'பதவி இறக்கம்' இதற்குத் தக்க சான்று. 'டிமோஷன்' என்று நாவினிக்கப் பேசுவோர் ஒருபுறம். வடசொல்லாகிய பதவியோடு இறக்கத்தை ஒட்டவைத்துத் தமிழாக்கிவிட்டதாக மகிழ்வோர் மறுபுறம். இருசாராரும் அத்தொடருள் அடைபட்டுக் கிடக்கும் வெவ்வேறு பொருள்களை எண்ணினாரல்லர்.

மேனிலையிலுள்ள ஒருவர் கீழ்நிலைக்கு வருதல் மூவகைப்படும். குற்றத்திற்கு ஒறுப்பாக மேலிடம் அவரைத் தாழ்த்துவது ஒன்று. இடைக்காலப் பொறுப்பு முடிந்து பழைய நிலைக்கு மீள்வது மற்றொன்று. உடல்நலமோ குடும்பநிலையோ கருதித் தாமே கேட்டு இறங்குவது இன்னொன்று. முதலதில் பழி உண்டு. ஏனைய இரண்டில் இல்லை.

இது வெறும் சொல்லாய்வு அன்று. பலர் பிழைப்பைத் தொடும் செய்தி. இந்திய அரசியலமைப்பின் 311(2) ஆம் உறுப்பு, சில விலக்குகள் தவிர, குற்றச்சாட்டைத் தெரிவித்து, மறுமொழி கூறத் தக்க வாய்ப்பளித்து உசாவாமல், குடிமைப் பணியாளரை வேலையினின்று நீக்கவோ நிலைதாழ்த்தவோ கூடாதென்கிறது. 1957-இல் உச்சநயன்மன்றம் தீர்த்த திங்ரா வழக்கில் எழுந்த வினாவும் இதுவே. இருப்புப்பாதைத் துறையில் மேனிலைப் பொறுப்பை இடைக்காலமாகப் பார்த்தவர் பழைய நிலைக்கு அனுப்பப்பட்டார். அது ஒறுப்பன்று என மன்றம் முடிவு செய்தது. ஆயினும், ஆணை எப்பெயர் பூண்டு வரினும், அதனால் ஒருவர் தம் நிலையான பணிக்குரிய சம்பளத்தையோ பணிமூப்பையோ இழப்பாராயின் அது ஒறுப்பே என்றும் தெளிவுறுத்தியது.

இனி, 'பதவி இறக்கம்' என்று மட்டும் எழுதிய ஆணையைக் கையில் வாங்கும் எளிய ஊழியர் எதை அறிவார்? தமக்கு உசாவல் கேட்கும் உரிமை உண்டா இல்லையா என்பதை அச்சொல் காட்டுமா? காட்டாது. இறங்கு என்பது தன்வினை. இறக்கு என்பது பிறவினை. இறக்கம் என்னும் பெயரோ இரண்டிற்கும் பொது. தாமே இறங்கினாரா, பிறர் இறக்கினரா என்பதை அது மறைத்துவிடுகிறது. செய்தவனை மறைக்கும் சொல் ஆள்வோர்க்கு வாய்ப்பு, ஆளப்படுவோர்க்குக் கேடு.

தன்வினையையும் பிறவினையையும் ஓரெழுத்தால் வேறுபடுத்தும் தமிழில் இக்குழப்பம் எதற்கு? ஒறுப்பாயின் நிலைதாழ்த்தல் என்க. பழைய நிலைக்குத் திரும்பலாயின் நிலைமீளல் என்க. தாமே விரும்பியதாயின் நிலையிறங்கல் என்க. மூன்றும் தூய தமிழ். மூன்றும் படித்தவர்க்கும் படியாதவர்க்கும் விளங்கும்.

ஊன்றிய வழக்கை மாற்றவியலாது என்பார் உளர். 'சஸ்பெண்ட்' இருந்த இடத்தில் இடைநீக்கமும், 'டிஸ்மிஸ்' இருந்த இடத்தில் பணிநீக்கமும் வந்து அமர்ந்தது எங்ஙனம்? எழுதுவோர் எழுதினர், மக்கள் ஏற்றனர். தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் வந்தது. இத்தனை ஆண்டு கழிந்தும் தமிழன் தன்மேல் வீழும் ஆணையின் பொருளைப் பிறரிடம் கேட்டறிய வேண்டுமாயின், உண்மையில் நிலைதாழ்த்தப்பட்டது தமிழே. தமிழில் கோப்பெழுதும் ஒவ்வொருவரும் நாளை முதல் சரியான சொல்லை எழுதுக!